பெயரில்லாத கண்ணிகள்

மதுரையில் ஒயர் கூடை பின்னத் தெரிந்த பெண்மணி எவரிடமும் கேட்டுப் பாருங்கள். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று பின்னல் வகைகளின் பெயர்களை மளமளவென்று அடுக்குவார். நெகிழி ஒயர் நம் வீடுகளுக்குள் நுழைந்து சில பத்தாண்டுகளே ஆகின்றன. அந்தப் புதுப்பொருளுக்குள் சிவனையும் நெல்லிக்காயையும் தேநீர்க்கடை பிஸ்கட்டையும் கொண்டுவந்து வைத்தவர்கள் எந்தச் சொல்லாக்கக் குழுவிலும் இருந்தவர்கள் அல்லர். மதிய வேளைகளில் வாசற்படியில் அமர்ந்து, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள். கற்றுக்கொடுக்க ஒரு பெயர் வேண்டியிருந்தது, வைத்துக்கொண்டார்கள்.

இந்த எளிய உண்மை எங்களுக்கு உறைத்தது குரோஷா கற்கப் போன இடத்தில்தான்.

சங்கிலிப் பின்னலும் மேசை விரிப்பும் எங்களுள் சிலருக்குப் பள்ளி நாட்களிலேயே பழக்கம். கடந்த ஆண்டு நாங்கள் நால்வர், இணையத்தில் கிடைக்கும் காணொளி வகுப்புகளின் துணையோடு, துனீசியக் குரோஷா என்னும் புதுவகையைக் கற்கத் தொடங்கினோம். வழக்கமான குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். இதிலோ நீண்ட ஊசி. மறுமுனையில் நழுவாமல் தடுக்க ஒரு குமிழ். வரிசையின் கண்ணிகள் அனைத்தையும் முதலில் ஊசியில் ஏற்றிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே திரும்ப வேண்டும். துணியைத் திருப்பிப் பிடிப்பதில்லை. கிடைக்கும் பின்னல் நெய்த துணிபோல் இறுக்கமாக இருக்கும். ஓரம் சுருண்டுகொள்ளும் குணமும் உண்டு. இதையே ஆப்கான் பின்னல் என்றும் அழைப்பார்கள். பெயரே இரண்டு நாடுகளுக்கு இடையில் ஊசலாடுகிறது.

காணொளியின் நன்மைகளை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆசிரியையின் விரல்களை இவ்வளவு அருகில் எந்த வகுப்பறையிலும் பார்த்திருக்க முடியாது. நூறுமுறை பின்னோக்கி ஓட்டினாலும் முகம் சுளிக்காத ஆசிரியை அவர். இடக்கைப் பழக்கமுள்ள எங்கள் தோழிக்குப் படத்தை இடவலம் மாற்றிப் பார்க்கும் வசதியும் கிடைத்தது. கை கற்றுக்கொண்டுவிட்டது. நாவுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊசி பழகுவதற்காக இடையில் ஒரு சில்லறைப் பையைச் சாதாரணக் குரோஷாவில் பின்னினோம். செய்முறை இங்கிலாந்து ஆசிரியையுடையது. கண்ணிகளைப் பின்னும் விதத்தை அமெரிக்க ஆசிரியையின் காணொளியில் பார்த்துக்கொண்டோம். ‘டபுள்’ என்றார் முன்னவர். பின்னவர் காட்டிய ‘டபுளை’ நாங்கள் பின்னினோம். பை ஏறக்குறைய இருமடங்கு உயரத்துக்கு வளர்ந்தது. போட்ட சில்லறை ஓட்டைகளின் வழியே உதிர்ந்தது. பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் ‘சிங்கிள்’ என்பதே இங்கிலாந்தில் ‘டபுள்’. அமெரிக்க ‘டபுள்’ இங்கிலாந்தில் ‘ட்ரெபிள்’. ஒரே மொழி பேசும் இரண்டு நாடுகள் ஒரே சொல்லால் இருவேறு கண்ணிகளைச் சுட்டுகின்றன. நாமோ அந்த இரண்டையும் அப்படியே விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, எங்களுள் ஒருவரின் பெரியம்மா வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தார். ஒயர் கூடையில் தேர்ந்த கை. எங்கள் புலம்பலைக் கேட்டுவிட்டு, “ஒருக்கா பின்னிக் காட்டுத்தா” என்றார். காட்டினோம். “இதுக்கு என்ன பேரு?”

“அங்கே டபுள், இங்கே ட்ரெபிள், பெரியம்மா.”

“நூலு ஊசியில ஒரு சுத்துதான சுத்துது. இதுல ரெண்டு எங்க இருக்கு, மூணு எங்க இருக்கு? ஒத்தச்சுத்துன்னு சொல்லிட்டுப் போங்களேன்.”

எங்களுக்குச் சற்று வெட்கமாக இருந்தது. ஊசியை நுழைக்குமுன் நூலை எத்தனை முறை சுற்றுகிறோம் என்பதைப் பெயராக்கிவிட்டால் அமெரிக்க, இங்கிலாந்துக் குழப்பம் முழுவதும் தீர்ந்துபோகிறது. சுற்றாமல் பின்னினால் வெறுங்கண்ணி. ஒருமுறை சுற்றினால் ஒற்றைச்சுற்று. இருமுறை சுற்றினால் இரட்டைச்சுற்று. கேட்டவுடன் கை புரிந்துகொள்ளும் பெயர்கள்.

கண்ணி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வாழைநாரில் மல்லிகை தொடுப்பவர்கள் கண்ணி கண்ணியாகத் தொடுக்கிறார்கள். வேடன் விரிப்பதும் கண்ணி; பழந்தமிழர் தலையில் சூடியதும் கண்ணி; தாயுமானவர் பாடிய ஈரடிப் பாட்டும் கண்ணி. வளைத்து, முடிந்து, ஒன்றோடொன்று கோப்பவை அனைத்துக்கும் இச்சொல்லைத் தந்த மொழியில், ஊசிமுனையில் வளையும் நூலுக்குச் சொல் இல்லை என்று கைவிரிப்பது நம் சோம்பலையே காட்டும்.

உலகம் முழுவதும் புழங்கும் ஆங்கிலப் பெயர்கள் இருக்கும்போது இது வீண் வேலையல்லவா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உலகம் முழுவதும் புழங்கும் பெயர் எதுவென்று எங்கள் சில்லறைப் பையைக் கேட்டால் தெரியும். ஜப்பானியர் பின்னல் பொம்மைக்கு ‘அமிகுருமி’ என்று தம் மொழியிலேயே பெயரிட்டார்கள். இன்று அமெரிக்க ஆசிரியையும் அதே பெயரைத்தான் சொல்கிறார். ஆங்கிலப் பெயர்களை ஒழிக்க வேண்டும் என்பதும் எங்கள் வாதமன்று. காணொளியைத் தேட அவை வேண்டும். அடுத்தவருக்குக் கற்பிக்கத் தமிழ் வேண்டும்.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. ஆந்திரத்தின் நரசாப்பூரில் குரோஷாச் சரிகை பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் எழுதிய நூல் 1982ல் வெளிவந்தது. அப்பெண்களின் கைவேலை கடல்கடந்து விற்பனையானது. அவர்களோ வீட்டில் சும்மா இருக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள். வேலை ஓய்வுநேரப் பொழுதுபோக்காயிற்று. கூலியும் அதற்கேற்பச் சுருங்கியது. பெயர் பெறாத உழைப்புக்கு விலையும் வாய்ப்பதில்லை. ஒயர் கூடை பின்னுபவர் ‘சிவன் கண் என்றால் இவ்வளவு, சாதா என்றால் இவ்வளவு’ என்று பேரம் பேச முடிகிறது. குரோஷா பின்னுபவரோ ‘ஏதோ பார்த்துக் கொடுங்கள்’ என்கிறார். எந்தக் கண்ணி, எத்தனை வரிசை, எவ்வளவு நேரம் என்று எடுத்துச் சொல்ல அவரிடம் சொல் இல்லை.

இப்போது எங்களிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. துனீசியப் பின்னலின் போகும் வரிசைக்கு ஏற்றம் என்றும் திரும்பும் வரிசைக்கு இறக்கம் என்றும் எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை பன்னிரண்டு சொற்கள். சில நிலைக்கும், சில உதிரும். உங்கள் ஊரில் இவற்றைவிட நல்ல சொற்கள் வழங்கக்கூடும். தந்தால் எங்களுடையதை அடித்துவிட்டு எழுதிக்கொள்வோம்.

பெரியம்மா ஊருக்குத் திரும்பும்போது ஒரு குரோஷா ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். காணொளி பார்க்க அவருக்குத் தெரியாது. சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: “ஒத்தச்சுத்து வந்திருச்சு. அடுத்து என்னத்தா?”