சப்பாத்திக்கு மாறினால் இளைக்குமா?

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் உடம்பு இளைக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. 100 கிராம் அரிசியோ கோதுமை மாவோ, இரண்டும் ஏறக்குறைய 350 கலோரிதான். முழுக்கோதுமையில் நார்ச்சத்து கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் விட்டுச் சுட்ட நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் எந்தக் கணக்கில் சேரும்? அதேபோல், வெந்நீரில் தேன் கலந்து குடித்தாலும் கொழுப்பு கரையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனே 60 கலோரி. பட்டினி கிடந்து முதல் வாரத்தில் குறைகிற எடையில் பெரும்பகுதி வெறும் நீர். அதைக் காட்டித்தான் ‘பத்தே நாளில்’ என்று பவுடர் விற்கிறார்கள். உணவு விளம்பரங்களுக்கான மத்திய விதிமுறைகள் 2018-லேயே வந்துவிட்டன. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஓட்டல் சமையலறைகளோடு நிற்காமல் இந்தப் பவுடர் டப்பாக்களையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டும்.