பங்குனி உள்ளான்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் மார்கழி, தையில்தான் போவார்கள். வெயில் உறைக்காது, பூநாரைகள் கூட்டமாக நிற்கும், படமும் நன்றாக விழும். எனக்கு அங்கே பங்குனிதான் பிடிக்கும். போன வாரம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்துவிட்டு, "இப்ப வந்து என்னத்தப் பாக்கப்போறீங்க தம்பி, எல்லாம் கெளம்புற நேரமாச்சே" என்றார். கிளம்புகிற நேரம் என்பதால்தான் வந்தேன் என்றதற்குச் சிரித்தார்.

குளிர்காலத்தில் உள்ளான் எனப்படும் கரையோரச் சிறு பறவைகளை இனம் பிரிப்பது பெருந்தொல்லை. மேலே சாம்பல், கீழே வெள்ளை. எல்லாம் ஒரே தறியில் நெய்த வேட்டி மாதிரி இருக்கும். காலின் நிறம், அலகின் வளைவு என்று புத்தகத்தைப் புரட்டிச் சலித்து, கடைசியில் பூநாரைப் பக்கமே திரும்பிவிடுவோம். பங்குனியில் அந்தத் தொல்லை பாதி குறைகிறது. கர்லூ சாண்ட்பைப்பர் என்கிற வளைந்த அலகு உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கறுத்துவருகிறது. லடாக், திபெத் மேட்டு நிலங்களுக்குப் போகவேண்டிய உப்புக்கொத்தியின் நெஞ்சில் செம்பட்டை ஒன்று படர்கிறது.

கர்லூ சாண்ட்பைப்பர் போக வேண்டிய இடம் இன்னும் தூரம்: சைபீரியாவின் வடகோடி. அங்கே கோடை சில வாரம்தான். போய்ச் சேர்ந்தபின் இணைதேடச் சிங்காரித்துக்கொள்ள அவகாசம் ஏது? இறகு மாற்றுவதை நம் சேற்றிலேயே தொடங்கிவிடுகிறது. கூடவே தீனி. தண்ணீர் வற்றிய விளிம்பில் தையல் எந்திர ஊசியாக அலகு இறங்கி ஏறுகிறது. தோலுக்கடியில் சேரும் கொழுப்புதான் வழிக்கான எரிபொருள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுவதால்தான் இந்தப் போக்குவரத்தைப் பற்றி நமக்கு இவ்வளவாவது தெரியும். 1967-இல் சரணாலயமான இடம், 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

பதினோரு மணிக்குமேல் ஒன்றும் பார்க்க முடியாது. கானல் எழுந்து, பைனாகுலருக்குள் பறவையெல்லாம் நெளிகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து பக்கத்து வேதாரண்யத்துக்கு நடந்தது இதைவிடக் கடும் வெயிலில். நான் கோடியக்காட்டில் ஒரு மர நிழலைத் தேடிக்கொண்டேன்.

மாலையில் மறுபடி அதே கரை. கர்லூ சாண்ட்பைப்பர்களில் நன்றாகச் சிவந்தவை பெரும்பாலும் ஆண்கள். இவ்வளவு அலங்காரத்தோடு போகும் ஆண், அடைகாக்கவும் நிற்பதில்லை, குஞ்சு வளர்க்கவும் நிற்பதில்லை. இணைசேர்ந்த கொஞ்ச நாளில் தெற்கே புறப்பட்டு, ஆவணிக்குள் நம் கரைக்கு வந்துவிடும், பாதி சாயம் போன சிவப்போடு. நம்மூரில் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

சிவந்த கூட்டத்துக்கு நடுவே சில மட்டும் சாம்பலாகவே நின்றன. போன ஆண்டுக் குஞ்சுகளாக இருக்க வேண்டும். அவற்றில் பல முதல் ஆண்டில் வடக்கே போவதில்லை. அக்னி நட்சத்திரத்தையும் இங்கேயே கழிக்கும். ஒன்று எந்த இனமென்று பிடிபடவில்லை. மறுபடி புத்தகத்தைப் பிரித்தேன்.