யார் முகத்தைப் பார்க்கிறது பால்வாடி?

2025 ஜூலை 1 முதல், அங்கன்வாடியில் சத்துமாவுப் பொட்டலம் வாங்க வருகிற தாய் கைபேசியின் முன் நின்று முகம் காட்ட வேண்டும். ‘போஷன் டிராக்கர்’ செயலி அந்த முகத்தை ஏற்கெனவே பதிவான படத்தோடு ஒப்பிட்டு, ஆள் சரிதான் என்று தலையாட்டினால்தான் மாவு கணக்கில் ஏறும். சிக்னல் கிடைக்கவில்லையென்றால் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊரில் தறியை நிறுத்திவிட்டு ஓடிவருகிற பெண்ணுக்கு, அப்படி நின்ற நேரம் அத்தனையும் கூலி இழப்பு. தாயின் முகத்தைச் சரிபார்க்க இவ்வளவு பாடுபடுகிற அரசு, அதே அறையின் மூலையில் யாரோடும் பேசாமல் பாயைப் பிய்த்துக்கொண்டிருக்கிற மூன்று வயதுக் குழந்தையின் முகத்தைப் பார்க்க யாரை வைத்திருக்கிறது? கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாரே, அதே டீச்சரைத்தான்.

பிள்ளைகளின் மனநலம் என்றால் நமக்குத் தேர்வுப் பயமும் செல்போன் மோகமும்தான் நினைவுக்கு வரும். அரசுக்கும் அப்படித்தான். 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெரியவர்களையும் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களையும் விசாரித்தது. அந்த வளரிளம் பருவத்தினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. பால்வாடி வயதுப் பிள்ளைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால், மனம் பதின்மூன்றாம் பிறந்தநாளில் முளைப்பதில்லையே. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கை நழுவிப்போன குழந்தை எப்படி அலறுமோ, அப்படித்தான் ஜூன் மாதம் பால்வாடி வாசலில் விடப்பட்ட குழந்தையும் அலறுகிறது. அதற்கு மருந்து ஒன்றுதான்: தினமும் அதே முகம், அதே மடி, அதே நேரத்துக்கு அதே பாட்டு. ஒரு பெரியவரை நம்பலாம் என்று குழந்தைக்குப் பட்டுவிட்டால் அது விளையாடப் போய்விடும். படாவிட்டால் கடிக்கும், அடிக்கும், பேச்சைக் குறைத்துக்கொள்ளும். அழுகிற பிள்ளையையாவது யாரேனும் தூக்கிவிடுவார்கள். அழாமல் ஒடுங்கிப்போன பிள்ளைக்குக் கிடைப்பது ‘தங்கமான பிள்ளை’ என்ற பட்டம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் நாள்தோறும் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார ஆள் ஏது? 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், சங்கரநாராயணர் திருவுருவம் போல இரண்டு பாதிகள் கொண்டது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் முன்பருவக் கல்வி. ஐம்பது ஆண்டுகளாக நாம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே தீபாராதனை காட்டிக்கொண்டிருக்கிறோம். மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளருக்கு அடுப்படியே சரியாகிவிடும். பணியாளருக்கோ எடை பார்ப்பது, உயரம் அளப்பது, கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போவது, தடுப்பூசி நாளுக்கு ஆள் திரட்டுவது, செயலியில் பதிவது என்று வேலை. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது வீடு வீடாகப் படிவம் கொண்டுபோனவர்களிலும் அங்கன்வாடிப் பணியாளர்கள் இருந்தார்கள். இவ்வளவுக்கும் ஒன்றிய அரசின் திட்டப்படி மதிப்பூதியம் 4,500 ரூபாய். 2018 அக்டோபரில் நிர்ணயித்த தொகை. மாநில அரசு கூடுதல் தொகை சேர்த்துக் கொடுப்பதால் இங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கிறார்கள்.

வழி தெரியாமல் தவிக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. பரிசோதனை தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் இங்கே 4 மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் ஆளைப் போட்டார்கள். செயலி இல்லை, கட்டடம் இல்லை. பிள்ளைகளோடு இருப்பதற்கென்றே ஒரு பெண், அவ்வளவுதான். ஒன்றரை ஆண்டில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குக் கை ஒழிந்ததால், குட்டை வளர்ச்சியும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. மனத்துக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் ஜமைக்காவைப் பார்க்க வேண்டும். 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்கிரெகரின் குழு நான்காகப் பிரித்தது. சிலருக்குச் சத்துணவு மட்டும், சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் சேர்த்து விளையாட வைப்பது மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. இப்படி இரண்டே ஆண்டுகள். அந்தக் குழந்தைகள் 17, 18 வயதை எட்டியபோது மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார்கள். விளையாட்டுக் கிடைத்தவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, தன்மதிப்பு அதிகம். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் இல்லை. 22 வயதில் விளையாட்டுக் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாகச் சம்பாதித்தார்கள். சத்துணவில் உலகத்துக்கே வழிகாட்டிய மாநிலம் என்று மார்தட்டும் நாம் இந்த முடிவை வாசலில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

‘எங்க பாட்டி பத்துப் பிள்ளை வளர்க்கலையா?’ என்பவர்கள் அந்த வீட்டில் பாட்டியோடு எத்தனை சித்தி, எத்தனை அத்தை இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். பணியாளர்களுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறோமே என்பது டெல்லியின் பதில். 2023 மே மாதம் தொடங்கிய ‘போஷன் பீ, படாய் பீ’ திட்டத்தின் பயிற்சி மூன்று நாள். மூன்று நாளில் தறி ஓட்டக்கூட யாரும் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். தவிர, குறை அறிவில் இல்லை, நேரத்தில். முகப்பதிவு இருந்தால்தான் மாவு திருட்டுப் போகாது என்கிறார்கள். போகட்டும், பொட்டலம் பத்திரமாக இருக்கும், பிள்ளை? வட்டாரத்துக்கு ஒரு மனநல ஆலோசகர் என்பது இன்னொரு யோசனை. வெளியிலிருந்து வந்து பார்க்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் வந்த தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வந்து வளர்ச்சித் தாமதம் உட்பட எல்லாம் பார்க்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் முன்னால் எல்லாப் பிள்ளையும்தான் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும். எந்தப் பிள்ளை நேற்றும் அப்படி இருந்தது என்று சொல்ல உள்ளே ஒருவர் வேண்டாமா?

இதற்கிடையே பெற்றோர் கடன் வாங்கியாவது பிள்ளையைக் கான்வென்ட் வேனில் ஏற்றுகிறார்கள். அங்கே மூன்றரை வயதில் கையெழுத்து நோட்டு, வீட்டுப்பாடம். அது படிப்பு என்ற பெயரில் நடக்கும் கொடுமை. அதைப் பார்த்து அரசும் மயங்கியது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். உபரி இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். 2022இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள். தினமும் அதே முகம் வேண்டும் என்பதுதானே குழந்தையின் ஒரே கோரிக்கை? அதைத்தான் முதலில் மாற்றினோம்.

பணம் இல்லை என்ற வாதத்தை இனியும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 54,439 குழந்தைகள் மையங்கள். ஒவ்வொன்றுக்கும் மாதம் 10,000 ரூபாய்க்கு ஒரு மூன்றாவது ஆள் என்றால் ஆண்டுக்குச் சுமார் 653 கோடி ரூபாய். மகளிர் உரிமைத் தொகைக்கு 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. அதில் இது இருபதில் ஒரு பங்குகூட வராது. அந்தத் தொகையில் கைவைக்கச் சொல்லவில்லை. அதை வாங்குகிற தாயின் பிள்ளைக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள் என்றுதான் சொல்கிறேன். 2025இல் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்புவதாக அறிவித்தபோது பலரும் கைதட்டினோம். அவை காலியாகக் கிடந்த பழைய நாற்காலிகள். மூன்றாவது நாற்காலி அந்த அறிவிப்பில் இல்லை. சங்கரன்கோவில், புளியங்குடி மாதிரி அம்மாவும் அப்பாவும் தறிக்குப் போகிற ஊர்களில் அதை முதலில் போடட்டும். ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வருகிற நாளில் 104 உதவி எண்ணில் ஆலோசகர்களை உட்காரவைத்து, உடைந்துபோன பிள்ளைகளுக்குத் தேறுதல் சொல்கிறோமே, அந்த அழைப்புகளில் சில, பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஏதோ ஒரு பால்வாடி மூலையில் யாரும் எடுக்காமல் விட்ட அழைப்புகளாக இருக்கலாம்.