சிறுதேர் செல்லும் வழி

நுழையும் முன்

ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதுமா? குழந்தையை அமர்த்தித் தள்ளிச் செல்லும் மூன்று சக்கர வண்டியை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

*

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய அந்நூலில் சோழநாட்டின் வளத்தைக் காட்டும் இனிய காட்சி ஒன்று உண்டு. வீட்டின் அகன்ற முற்றத்தில் உணவுப்பொருள் உலர்கிறது. அதைக் கொத்தித் தின்ன வரும் கோழியை விரட்ட, பெண்கள் தம் காதில் அணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். அவ்வழியே சிறுவர்கள் சிறுதேர் ஒன்றை உருட்டி வருகின்றனர். அதற்குக் குதிரை இல்லை, சக்கரங்கள் மூன்றே. எறிந்த குழை அத்தேரின் முன் கிடந்து அதன் வழியைத் தடுக்கிறது.

காதணியைக் கல்லாக எறியும் அளவுக்குச் செல்வம் செழித்த நாடு என்பதே புலவர் சொல்ல வந்த செய்தி. எனினும் அக்காட்சியில் வேறொரு உண்மையும் அடங்கியுள்ளது. தேர் எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருந்தாலும், வழியில் கிடக்கும் ஒரு சிறு பொருள் அதை நிறுத்திவிடும்.

இன்றைய இந்திய நகரங்களில் மூன்று சக்கர வண்டி மீண்டும் குழந்தைகளிடம் வந்துள்ளது. இம்முறை அதைக் குழந்தை உருட்டுவதில்லை. குழந்தை அதில் அமர்ந்திருக்க, பெற்றோர் தள்ளிச் செல்கின்றனர். பெரும் பொருள் செலவிட்டு வாங்கப்படும் இவ்வண்டிகளுள் பல, சில மாதங்களிலேயே மாடத்தின் மூலையில் துணிகளைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அதற்குக் காரணம் வண்டியின் குறை மட்டுமன்று. வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது செல்ல வேண்டிய வழியை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வழியைப் பார்த்து வண்டியை வாங்க வேண்டும். வாங்கிய பின் வண்டிக்கு ஏற்ற வழியைக் கேட்டுப் பெறவும் வேண்டும்.

வழியே வண்டியை வடித்தது

குழந்தை வண்டியின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1733ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்னும் கலைஞர், டெவன்ஷயர் கோமகனின் குழந்தைகளுக்காகச் சிப்பி வடிவில் வண்டி ஒன்றை அமைத்தார். அதைச் சிறிய விலங்கு ஒன்று இழுத்துச் செல்லும். மாளிகைத் தோட்டத்தின் சமமான பாதைக்கு அது பொருத்தமாக இருந்தது.

ஓவன் மெக்லாரன் என்பவர் வானூர்திப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பை உருவாக்குவதில் பங்கு கொண்டவர். கனத்த குழந்தை வண்டியோடு வானூர்தியில் பயணம் செய்வதன் துன்பத்தைத் தம் மகளிடம் கண்ட அவர், 1965ஆம் ஆண்டில் குடையைப் போல மடங்கும் எடை குறைந்த வண்டியை வடிவமைத்தார். 1980களில் அமெரிக்கத் தந்தை ஒருவர், தாம் ஓட்டப்பயிற்சி செய்யும்போது மகனையும் உடன் அழைத்துச் செல்ல விரும்பி, குழந்தை வண்டிக்கு மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்தினார். இன்றுள்ள பெரிய மூன்று சக்கர வண்டிகளுக்கு அதுவே முன்னோடி.

தோட்டத்திற்கு ஒன்று, பயணத்திற்கு ஒன்று, ஓடும் பாதைக்கு ஒன்று என ஒவ்வொரு வண்டியும் ஒரு வழிக்காகப் பிறந்துள்ளது. எல்லா வழிக்கும் ஏற்ற வண்டி என்று ஒன்று இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

மூன்று சக்கரங்களால் விளையும் நன்மை யாது? மேடுபள்ளமான தரையில் நான்கு கால் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் தரையைத் தொடும் என்பதே காரணம். மேலும், முன்னால் ஒரே சக்கரம் இருப்பதால் வண்டியை எளிதாகத் திருப்பலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. முன்புறம் குறுகிய முக்கோண வடிவினதாகலின், பக்கவாட்டில் சரிந்த தரையில் விரைவாகத் திருப்பினால் இவ்வண்டி நான்கு சக்கர வண்டியைவிட எளிதில் சாயக்கூடும். பின்சக்கரங்களுக்கு இடையே போதிய அகலம் உள்ளதா என்று பார்ப்பது இதனால் இன்றியமையாதது.

அடுத்தது சக்கரத்தின் அளவு. சிறிய சக்கரம் சிறு பள்ளத்திலும் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். பெரிய சக்கரம் அதைக் கடந்து செல்லும். ஓட்டத்திற்கென அமைந்த மூன்று சக்கர வண்டிகளின் பின்சக்கரம் பெரும்பாலும் 12 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை விட்டம் உடையது. காற்றடைத்த டயர் அதிர்ச்சியைத் தாங்கிக் குழந்தையின் உடலைக் காக்கும். ஆனால் முள் தைத்தால் காற்று இறங்கிவிடும். தெருமுனையில் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை இருந்தால் அது பெரிய குறையன்று. அத்தகைய கடை இல்லாத குடியிருப்பில் வாழ்வோர்க்குக் காற்று இல்லாத கெட்டி டயரே தொல்லை தராதது.

முன்சக்கரம் சுழல்வதாக இருந்தால் கடைத்தெருவில் திருப்புவது எளிது. வேகமாகச் செல்லும்போதோ சுழலும் சக்கரம் கல்லில் பட்டுத் திடீரெனத் திரும்பும் இடர் உண்டு. எனவே தேவைக்கேற்பச் சுழலவும், நேராகப் பூட்டி வைக்கவும் இயலும் சக்கரமே சிறந்தது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க இடமில்லை. இரு தோள்கள், இடுப்பின் இரு பக்கங்கள், கால்களுக்கு இடையே என ஐந்து இடங்களில் குழந்தையைத் தாங்கும் பட்டை வேண்டும். காலால் அழுத்தியவுடன் பின்சக்கரங்கள் இரண்டையும் நிறுத்தும் தடை வேண்டும். சரிவான இடத்தில் கைநழுவினாலும் வண்டி ஓடிவிடாமல் தடுக்க, தள்ளுவோரின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் வார் வேண்டும். தலை நிற்காத பச்சிளங்குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் அமர்த்துதல் கூடாது. முற்றிலும் படுக்கவைக்கும் அமைப்பு உள்ள வண்டியே அதற்கு உரியது. குழந்தையை அமர்த்திக்கொண்டு ஓடுவது அதன் கழுத்து நன்கு உறுதிப்பட்ட பின்னரே, மருத்துவரிடம் கேட்டறிந்து செய்யத்தக்கது.

இவற்றோடு வீட்டையும் அளந்து பார்க்க வேண்டும். பெரிய மூன்று சக்கர வண்டிகள் பல 10 கிலோவுக்கு மேல் எடை உடையவை. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வாழும் ஒரு தாய், ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் அவ்வண்டியையும் தூக்கிக்கொண்டு எத்தனை நாள் இறங்குவார்? மின்தூக்கி இருந்தாலும் அதன் கதவில் வண்டி நுழையுமா, மடித்தால் ஆட்டோவின் பின்னிருக்கையில் அடங்குமா என்பன கடைக்குச் செல்லும் முன்னரே அளவு நாடாவால் அறியத்தக்கவை. பேரனையோ பேத்தியையோ மாலையில் வெளியே அழைத்துச் செல்பவர் பாட்டி எனில், கைப்பிடியின் உயரம் பாட்டிக்குப் பொருந்த வேண்டுமே அன்றி விளம்பரத்தில் ஓடுபவருக்கு அன்று.

கடையின் வழவழப்பான தரை பலரை ஏமாற்றிவிடுகிறது. அங்கே எல்லா வண்டியும் பூப்போல நகரும். இருக்கையில் 10 கிலோ அரிசி மூட்டை ஒன்றை வைத்து, கடையின் வாசற்படியைத் தாண்டித் தெருவில் பத்தடி தள்ளிப் பார்த்தால் உண்மை விளங்கும். அதற்கு ஒப்பாத கடையில் வாங்காதிருத்தல் நன்று.

இடுப்பா, வண்டியா?

'இடுப்பில் தூக்கி வளர்த்த நாட்டுக்கு இவ்வண்டி எதற்கு?' என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தூளியும் இடுப்பும் தோளும் குழந்தைக்குத் தரும் உடலின் வெதுவெதுப்பை எந்த வண்டியும் தராது. குறுகிய சந்துகளிலும் நெரிசல் மிக்க சந்தையிலும் இடுப்பே இன்றும் சிறந்த வாகனம். கைகளால் பிடித்துத் தள்ளி நடை பழகும் மரத்தாலான நடைவண்டியும் மூன்று சக்கரங்கள் உடையதே. அது குழந்தையை நடக்கச் செய்கிறது. தள்ளுவண்டி அமரச் செய்கிறது. நெடுநேரம் அமர்த்தி வைத்தல் வளர்ச்சிக்கு ஏற்றதன்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வண்டியிலோ முதுகிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் கட்டி வைத்தல் கூடாது என்று உலக நல நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

ஆயினும், கூட்டுக்குடும்பத்தில் ஒரு குழந்தையைத் தூக்கப் பல இடுப்புகள் இருந்தன. பணியின் பொருட்டுச் சொந்த ஊரைவிட்டு வெகுதொலைவில் வாழும் குடும்பத்தில் அவ்வாறு இல்லை. 12 கிலோ எடையுள்ள குழந்தையோடு காய்கறியும் மருந்தும் வாங்கத் தனியே செல்லும் தாய்க்கும், முதுகுவலியால் வருந்தும் தாத்தாவுக்கும் வண்டி ஆடம்பரமன்று. அது வீட்டுக்கு வெளியே செல்லும் உரிமையை அவர்களுக்கு மீட்டுத் தருகிறது. அவ்வுரிமை இல்லாதபோது, குழந்தையும் தாயும் நான்கு சுவர்களுக்குள்ளேயே அடைபடுகின்றனர்.

வழியைக் கேட்டல்

ஆராய்ந்து வாங்கிய வண்டியும் வாயிற்கதவைத் தாண்டியவுடன் தேர்வுக்கு உள்ளாகிறது. இந்தியச் சாலைப் பேரவை 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்றது. நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், சக்கர வண்டிகள் ஏறி இறங்கச் சரிவு வேண்டும் என்றும் கூறியது. காகிதத்தில் உள்ள இந்நடைபாதையில் எந்தக் குழந்தை வண்டியும் இனிதே செல்லும்.

பல தெருக்களில் காணப்படுவதோ வேறு. முழங்கால் உயரத்திற்கு எழும் நடைபாதை, அதன் நடுவே மின்மாற்றிப் பெட்டி, உடைந்த பலகைக்கல், வரிசையாக நிற்கும் இருசக்கர ஊர்திகள். இரண்டடி செல்வதற்குள் வண்டியைச் சாலையில் இறக்கியே ஆக வேண்டும். அங்கே குழந்தையின் முகம் ஏறக்குறைய வாகனங்களின் புகைக்குழாய் உயரத்தில் இருக்கிறது. தள்ளுபவரைவிட அமர்ந்திருக்கும் குழந்தையே நச்சுப்புகைக்கு அருகில் உள்ளது. குளிர்காலத் தில்லியில் இதன் கொடுமை சொல்லாமலே விளங்கும். பேருந்துக்கும் லாரிக்கும் இடையே ஒரு சிறு வண்டியைத் தள்ளிச் செல்வதன் அச்சத்தை, ஒருமுறை செய்தவர் மறப்பதில்லை. அதன் பிறகே வண்டி மாடத்தின் மூலைக்குச் செல்கிறது.

நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் எடுத்துரைத்தது. எனவே நல்ல நடைபாதையைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. குழந்தை வண்டிக்காக அமைக்கும் சரிவில் சக்கர நாற்காலியில் செல்வோரும் ஏறுவர். கைத்தடி ஊன்றும் முதியவரும், பெட்டியை இழுத்துச் செல்லும் பயணியும் ஏறுவர். ஒரு குழந்தைக்கு ஏற்ற தெரு, ஊரில் உள்ள அனைவருக்கும் ஏற்ற தெருவாகிறது.

இதில் அரசுக்கு மட்டுமன்றி மக்களுக்கும் பங்கு உண்டு. 'ஐந்து நிமிடம்தானே' என்று நடைபாதையில் ஊர்தியை நிறுத்துபவரும், வீட்டுச் சரிவைத் தெருவரை நீட்டிக் கட்டுபவரும், கட்டட மணலை நடைபாதையில் குவிப்பவரும் ஒரு குழந்தையைச் சாலைக்குத் தள்ளுகின்றனர் என்பதை உணர வேண்டும். வண்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, உடைந்த நடைபாதை குறித்து மாநகராட்சிக்கு முறையீடு எழுதுவதில் பெற்றோர் செலவிட்டால் அதன் பயன் அடுத்த குழந்தைக்கும் கிட்டும்.

அன்று சிறுதேரின் வழியைத் தடுத்தது ஒரு காதணி. எறிந்தவர் குனிந்து எடுத்தால் வழி திறந்துவிடும். இன்று வழியைத் தடுப்பவற்றுள் பலவும் மனிதர் வைத்தவையே. மனிதர் எடுத்தால் அகலக்கூடியவையே.

*

சிந்தித்து விடை எழுதுக

1. பட்டினப்பாலைக் காட்சி இக்கட்டுரையின் கருத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறது?
2. மூன்று சக்கர வண்டியின் நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் காரணத்துடன் விளக்குக.
3. 'இடுப்பில் தூக்கி வளர்த்த நாட்டுக்கு இவ்வண்டி எதற்கு?' என்னும் கேள்விக்கு உமது கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.
4. உமது தெருவின் நடைபாதையை அளந்து பார்த்து, அதிலுள்ள தடைகளைக் குறிப்பிட்டு, மாநகராட்சி ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் ஒன்று வரைக.