தடுக்கப்பட்ட படமும் தடுக்கப்படாத பேச்சும்

2012-ம் வருஷம் டிசம்பர் 16-ந் தேதி இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவியை ஆறு பேர் பலாத்காரம் செய்ததையும், 13 நாளில் அவள் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் மாண்டதையும் நேயர்கள் அறிவார்கள். லெஸ்லி உட்வின் என்னும் ஆங்கில மாது அதைப்பற்றி 'இந்தியாவின் மகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். 2015 மார்ச்சு 4-ந் தேதி பி.பி.சி. அதை இங்கிலாந்தில் காட்டிற்று. இந்திய சர்க்காரோ, இந்நாட்டார் அதைப் பார்க்கக் கூடாதென்று கோர்ட்டில் தடை வாங்கிற்று. தேசத்தின் பெயரைக் கெடுக்கும் சதி என்று பார்லிமெண்டில் பேசப்பட்டது.

பெயரைக் கெடுத்தது படமா, படத்தில் உள்ள பேச்சா என்று கேட்கின்றோம். யோக்கியமான பெண் இரவு ஒன்பது மணிக்கு வெளியில் திரியமாட்டாள், ஆணைவிடப் பெண்ணே அதிகப் பொறுப்பாளி என்று குற்றவாளிகளில் ஒருவன் அதில் சொல்லுகின்றான். அவன்தான் கொலைகாரன். சட்டம் படித்த வக்கீல் ஒருவர் நமது கலாசாரமே உயர்ந்தது, அதில் பெண்ணுக்கு இடமில்லை என்கின்றார். இன்னொரு வக்கீல், தம் மகளோ சகோதரியோ கல்யாணத்திற்கு முன் ஒருவனோடு பழகினால் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவேன் என்கின்றார். படித்தவருக்கும் கொலைகாரனுக்கும் இவ்விஷயத்தில் அபிப்பிராய பேதமே இல்லை!

டெல்லியை விட்டு நம் நெய்வேலிக்கே வருவோம். சுரங்கத்திலும் மின்சார நிலையத்திலும் இரவு பகலாக ஷிப்டு நடக்கின்றது. நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் வரும் ஆணை இந்நேரத்தில் உனக்கு என்ன வேலை என்று எவரும் கேட்பதில்லை. அதே ரோட்டில் ஒரு பெண் தனியே வந்தால், அவள் வேலை முடிந்து வரும் நர்ஸாயிருந்தாலும், மறுநாள் டீக்கடையில் விசாரணை நடக்கின்றது. நம் தோழர்கள் வீட்டிலும் மகள் வந்த நேரத்திற்குத்தான் கடிகாரம் பார்க்கின்றார்கள். கோபித்துப் பயனில்லை, உள்ளதைச் சொல்லுகின்றோம்.

நேரமும் உடையுமே காரணம் என்போர் பதில் சொல்லட்டும். 1992 ஜூன் 20-ந் தேதி தர்மபுரி ஜில்லா வாச்சாத்தி மலைவாசிகள் ஊருக்குள், சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, போலீஸ், ரெவின்யூ சிப்பந்திகள் புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். அவர்களில் யார் இரவு சினிமாவுக்குப் போனவர்? 269 பேர் மீது வழக்கு. உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி கோர்ட்டு தீர்ப்பளிக்க 2011 ஆயிற்று. ஐக்கோர்ட்டு அதை உறுதி செய்தது 2023-ல். அதே 1992-ல், நமக்கு அருகிலுள்ள சிதம்பரம் அண்ணாமலை நகர் போலீஸ் ஸ்டேஷனில் புருஷன் அடிபட்டு மாண்டான். மனைவி போலீஸாராலேயே பலாத்காரம் செய்யப்பட்டாள். போலீஸ் ஸ்டேஷனைவிடப் பந்தோபஸ்தான இடத்தை அவள் எங்கே தேடுவது?

இக்குற்றத்தை நம் பத்திரிகைகள் நெடுநாள் 'கற்பழிப்பு' என்றே எழுதி வந்தன. குற்றம் செய்தவன் ஆண். அழிந்தது பெண்ணின் கற்பாம்! கையை வெட்டியவன் இருக்க, வெட்டுப்பட்டவனுக்கு மானம் போயிற்று என்று யாராவது எழுதுவார்களா? படத்தின் பெயரிலும் நமக்குக் குறை உண்டு. 'மகள்' என்று உறவு சொன்னால்தான் இரக்கம் வருமென்றால், யாருக்கும் மகளல்லாத பெண்ணை என்ன செய்யலாம் என்கின்றார்கள்?

டெல்லிக் குற்றவாளிகளில் நால்வரை 2020 மார்ச்சு 20-ந் தேதி தூக்கிலிட்டார்கள். ஆனால் ஜஸ்டிஸ் வர்மா கமிட்டி 2013 ஜனவரியில், மனைவியைப் புருஷன் பலாத்காரம் செய்தால் குற்றமில்லை என்ற விலக்கை எடுத்துவிடச் சொல்லிற்றே, அதை அவ்வருஷத்துச் சட்டத்தில் சேர்க்கவில்லை. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதுச் சட்டத்திலும், மனைவிக்கு 18 வயது நிறைந்துவிட்டால் அவ்விலக்கு அப்படியே இருக்கின்றது.