கேட்டுக்கு வெளியே நின்றால் காலேஜ் தெரியுமா?

காலை நேரம். கிழக்குக் கடற்கரைச் சாலை, கூனிமேடு பஸ் நிறுத்தம். தோளில் பையும் கையில் டிபன் பாக்சுமாக மாணவ-மாணவிகள் கூட்டம். வடக்கே போகிற பஸ்சில் ஏறினால் மரக்காணம். அங்கே பஸ் மாறி மேற்கே போனால் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரி. தெற்கே போகிற பஸ்சில் ஏறினால் காலாப்பட்டு, அதையும் தாண்டினால் புதுச்சேரி.

படிக்கட்டில் நின்றாவது போய்ச் சேருகிறார்கள். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. உப்பளத்திலும் கடலிலும் உழைத்த குடும்பங்களில், காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் தலைமுறை இவர்களில் பலர்.

ஆனால் ஒரு கேள்வி. சேருவதற்கு முன்னால் அந்தக் காலேஜை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தவர்கள் இவர்களில் எத்தனை பேர்?

தீபாவளிக்கு ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் தெருமுனை டீக்கடை வரைக்கும் விசாரணை நடக்கிறது. பெற்ற பிள்ளை மூன்று வருஷமோ நாலு வருஷமோ இருந்து படிக்கப் போகிற இடத்தை மட்டும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் கேட்கிறார்: "எந்தக் காலேஜ் போடட்டும்?" பக்கத்து வீட்டு அண்ணன் படித்த காலேஜ் பெயர் வாயில் வருகிறது. பட்டனைத் தட்டியாகிவிட்டது. வாழ்க்கையும் முடிவாகிவிட்டது!

ஒரு நாள் கூலி போகும்

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று யாராவது சொன்னால் அது அநியாயம்.

பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். அட்மிஷன் நடப்பது மே, ஜூன், ஜூலை. மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாருவதும் இதே வெயில் காலத்தில்தான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தியில் தண்ணீர் நிற்கும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஆக, வெயிலில் சம்பாதித்ததை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டவேண்டும். விடியும் முன்னே பாத்தியில் இறங்கி, தலையில் உப்புக்கூடை சுமக்கிற தாய் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காலேஜ் பார்க்கப் போனால், அன்றைக்கு அடுப்பு எரிவது எப்படி?

பஸ் செலவு பெரிய தடை இல்லை. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதற்கு மேல் ஆகிற செலவையும் எப்படியோ புரட்டிவிடுவார்கள். கூலிதான் பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை இன்னொன்று உண்டு. காலேஜ் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன்! "யாரு நீ? எங்க போற? யாரைப் பாக்கணும்?" இந்த மூன்று கேள்வியில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். காருக்குத் திறக்கிற கேட் காலுக்குத் திறப்பதில்லை.

முன்பு ஒரு காட்சி இருந்தது. 1997-ல் என்ஜினீயரிங் படிப்புக்கு ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வந்த பிறகு, தமிழ்நாடு பூராவும் இருந்து பிள்ளைகள் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வரவேண்டியிருந்தது. கூடவே அப்பாவோ அம்மாவோ வருவார்கள். இருவருக்கும் அரசு பஸ்சில் பாதிக் கட்டணச் சலுகை. மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்து, கட்டிச் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, சிவப்புக் கட்டிடத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். அலைச்சல்தான், கஷ்டம்தான். ஆனாலும் ஒரு பல்கலைக்கழகம் எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நாளாவது கிராமத்துக் கண்கள் பார்த்தன. 2018-ல் கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போனது. அலைச்சல் ஒழிந்தது, நல்லதுதான். பார்க்கிற வாய்ப்பும் கூடவே ஒழிந்தது.

அரசு கலைக் கல்லூரிகளிலும் விண்ணப்பம் ஆன்லைனில்தான். கலந்தாய்வுக்கு மட்டும் நேரில் வரச் சொல்கிறார்கள். அன்று வந்து என்ன பார்ப்பது? ஜெராக்ஸ் கடைக் கூட்டத்தையும் சர்ட்டிபிகேட் சரிபார்க்கிற வரிசையையும்தான் பார்க்கலாம். பெயரைக் கூப்பிட்ட சில நிமிஷத்தில் சீட்டை எடுத்தாகவேண்டும். பிடிக்கவில்லை என்று சொல்ல அதற்குமேல் அவகாசம் ஏது?

தெருவில் தெரிகிற காலேஜ்

உள்ளே போய்ப் பார்க்காதவருக்குக் காலேஜ் என்றால் என்ன தெரியும்? சினிமாவில் வருவது தெரியும். பேப்பரில் வருவது தெரியும். பேப்பரில் வருவது எது என்று சொல்லவேண்டியதில்லை.

"பஸ் டே" என்ற கொண்டாட்டம் ஆரம்பத்தில் நல்ல எண்ணத்தில் வந்ததுதான். தினமும் தங்களை ஏற்றி இறக்குகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாணவர்கள் மாலை போட்டு, பரிசு கொடுத்து நன்றி சொன்ன நாள் அது. பிறகு மாலை போய்க் கல் வந்தது. கல் போய்க் கத்தி வந்தது. ஐகோர்ட்டு தடை விதித்தும் அடங்கவில்லை. 2019 ஜூனில் காலேஜ் திறந்த அன்று சென்னையில் பஸ் கூரையில் ஏறி ஆட்டம் போட்ட மாணவர்கள், பிரேக் போட்டதும் கொத்தாக ரோட்டில் விழுந்ததை நாடே பார்த்தது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பட்டாக்கத்தியோடு விரட்டி வெட்டினார்கள். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவர்களும் வேறு வேறு காலேஜா என்றால் அதுவும் இல்லை. ஒரே பச்சையப்பன் கல்லூரி, பஸ் ரூட்டுதான் வேறு. ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு "தல"!

2024 அக்டோபரில் சென்ட்ரல் ரெயில் நிலையத்தில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் தாக்கப்பட்டார். சில நாளில் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது. கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள்.

இதற்கெல்லாம் அவர்கள் சொல்லும் காரணம் "காலேஜ் கெத்து". எந்தக் காலேஜின் கெத்து? மாநிலக் கல்லூரி 1840-ல் தொடங்கியது. சர் சி.வி.ராமன் படித்த இடம். பச்சையப்பன் கல்லூரி, 1794-ல் மறைந்த பச்சையப்ப முதலியார் எழுதி வைத்த தர்மச் சொத்தில் 1842-ல் பிறந்தது. அறிஞர் அண்ணா படித்த இடம். கணித மேதை ராமானுஜம் கொஞ்ச காலம் படித்த இடம். பக்கத்து ஊர்க்காரனின் தர்மத்தில் படித்து ஆளாவது பெருமையா, பக்கத்துக் காலேஜ்காரனின் தலையை உடைப்பது பெருமையா? கத்தி எடுத்தவனுக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு வரியாவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "பொம்பளப் புள்ளைய அங்கெல்லாம் அனுப்ப மாட்டோம்" என்று ஒரு தகப்பன் சொன்னால் அவரை எப்படிக் குற்றம் சொல்வது? அவருக்குத் தெரிந்த காலேஜ் அதுதான். அதே காலேஜின் லைப்ரரியில் சத்தம் போடாமல் உட்கார்ந்து படிக்கிற நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அவர் பார்த்ததில்லை. அவர்கள் பேப்பரிலும் வருவதில்லை.

விழா நாளில் போகாதீர்கள்

பார்க்கப் போகிறவர்கள் விழா நாளில் போகக்கூடாது. அன்று சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், வாசலில் வாழைமரம் கட்டியிருப்பார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். சாதாரண வேலை நாளில், காலை பதினோரு மணி வாக்கில் போகவேண்டும்.

வகுப்பில் வாத்தியார் இருக்கிறாரா? அரசு கல்லூரிகள் பலவற்றில் பாடம் ஓடுவதே கௌரவ விரிவுரையாளர்களால்தான். அவர்கள் எத்தனை பேர், நிரந்தரப் பேராசிரியர் எத்தனை பேர் என்று கூச்சப்படாமல் கேட்கலாம். லைப்ரரியில் புத்தகம் கைக்கு எட்டுகிறதா, பூட்டிய பீரோவுக்குள் தூங்குகிறதா? பெண்கள் கழிப்பறைக்குத் தாய்மார்கள் தாங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா? கட்டிடத்தைப் பற்றி பிரின்சிபால் சொல்லாத சேதியை அந்தக் குழாய் சொல்லிவிடும். மாணவிகள் பாதியில் நின்று போவதற்கு இந்தச் சின்ன விஷயமும் ஒரு காரணம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வேறு காரணம் சொல்வார்கள்.

பெஞ்சில் என்ன கிறுக்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். சாதிப் பெயர் கிறுக்கியிருந்தால், பையன்கள் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நோட்டீஸ் போர்டில் பழைய காகிதம் மட்டும் தொங்குகிறதா, இல்லை கபடி டீம், தமிழ் மன்றம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று ஏதாவது அசைவு தெரிகிறதா? சீனியர் பையன் புதுப் பையனை எப்படிக் கூப்பிடுகிறான்?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இதே கடற்கரை மாவட்டங்களில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் ஒருவர் சீனியரால் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதி போட்டது. புகார் சொல்ல 1800-180-5522 என்ற இலவச போன் நம்பரும் இருக்கிறது. அந்த நம்பர் காலேஜ் சுவரில் எழுதியிருக்கிறதா என்பதையும் வந்தவர்கள் பார்க்கலாம். பளிச்சென்று எழுதியிருந்தால், அந்த நிர்வாகம் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறது என்று கொஞ்சம் நம்பலாம்.

களப்பயணம் போதுமா?

2022 மார்ச்சில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில், அரசுப் பள்ளி பிளஸ் டூ மாணவர்களைப் பக்கத்துக் கல்லூரிகளுக்குக் களப்பயணம் அழைத்துப் போகும் ஏற்பாடு வந்தது. பாராட்டவேண்டிய காரியம். 2022 செப்டம்பரில் மாணவிகளுக்குப் "புதுமைப் பெண்", 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் "தமிழ்ப் புதல்வன்" என்று மாதம் 1,000 ரூபாய் உதவியும் வந்தது. இந்தப் பணம் பஸ்சில் ஏற்றிவிடும். உள்ளே போன பிள்ளை "நமக்கு இந்த இடம் ஒத்து வராது" என்று முதல் மாதத்திலேயே திரும்பி வந்தால் என்ன செய்வது?

களப்பயணம் என்றால் வரிசையில் நிற்கவைத்து, ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, பேச்சு கேட்கவைத்து, பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்புவதாக முடிந்துவிடக்கூடாது. ஒரு வகுப்பில் பின் பெஞ்சில் உட்காரவிட வேண்டும். லேபில் ஒரு மணி நேரம் நிற்கவிட வேண்டும். அதே ஊரிலிருந்து வந்து படிக்கிற அண்ணன், அக்காவோடு வாத்தியார் பக்கத்தில் இல்லாமல் பேசவிட வேண்டும். அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள்.

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் 1985-ல் வந்தது. கூனிமேட்டுப் பிள்ளைகள் புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் அதன் மதில் சுவரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகம், எந்த மாநிலத்துப் பிள்ளையும் நுழைவுத்தேர்வு எழுதிச் சேரலாம். எல்லைக்கோடு தாண்டிய இடம் என்பதால் "அது புதுச்சேரிக்காரங்களுக்கு" என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டப் பள்ளிக் களப்பயணப் பட்டியலில் இதையும் சேர்க்க மாவட்ட நிர்வாகம் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

இன்னொன்று. களப்பயணத்துக்குப் பிள்ளையை மட்டும் கூட்டிப் போகிறார்கள். வீட்டில் முடிவு எடுப்பது பிள்ளையா? மரக்காணம் பக்கத்துப் பள்ளிகள் இந்தப் பயணத்தை வெயில் காலத்தில் வைக்காமல், உப்பளத்தில் வேலை இல்லாத கார்த்திகை, மார்கழியில் வைக்கட்டும். அப்போது கூலி போகும் கவலை கிடையாது. அந்தப் பஸ்சில் தாய்க்கும் ஒரு சீட் போடட்டும்.