ஹீமோகுளோபின் நார்மல்... அப்புறம் ஏன் அசதி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலர் அடிக்கடி சொல்லும் வார்த்தை, 'அசதியா இருக்கு!' நைட் ஷிப்ட், ஓவர்டைம், வீட்டு வேலை எனக் காரணங்கள் பல. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

வேனும் குடோனும்

உணவிலிருந்து கிடைக்கும் இரும்பை ரத்தத்தில் ஏற்றிச் செல்வது, கல்லீரல் தயாரிக்கும் 'டிரான்ஸ்ஃபெரின்' என்ற புரதம். தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனி வேன் போலத்தான் இதுவும். ஆனால், ஒரு வேனில் இரண்டே சீட். இரண்டு இரும்பு அணுக்கள்தான் ஏற முடியும். மிச்சமாகும் இரும்பைச் சேமித்துவைக்கும் குடோன், 'ஃபெரிட்டின்' என்ற இன்னொரு புரதம்.

இரும்பு குறையும்போது முதலில் காலியாவது குடோன். அடுத்து, வேன்கள் ஆளில்லாமல் ஓடும். கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால், ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம்.

நிறம் சொல்லும் கணக்கு

இந்த வேன் செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதை ஆய்வகங்களில் கண்டுபிடிக்க, டிரான்ஸ்ஃபெரினுடன் ஒரு நொதியை இணைக்கிறார்கள். குதிரைமுள்ளங்கி வேரிலிருந்து கிடைக்கும் நொதி அது. உரிய ரசாயனம் சேர்த்தால், புரதம் இருக்கும் இடத்தில் நிறம் தோன்றும். ஃபெரிட்டினை அளக்க உதவும் 'எலிசா' பரிசோதனையிலும் இதே உத்திதான். அங்கே நொதி ஒட்டியிருப்பது ஆன்டிபாடியில். நிறம் அடர்த்தியாக இருந்தால் ஃபெரிட்டின் அதிகம். சாயத்தின் பக்குவம் தெரிந்த ஊருக்கு இது எளிதில் புரியும்!

என்ன செய்யலாம்?

அசதி, மூச்சுவாங்குதல், முடி உதிர்தல் தொடர்ந்தால், ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்துக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் கூடுதலாகக் காட்டும். அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமென்றால் மறைக்க வேண்டாம்.

சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவது குறையும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கீரை, பயறுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; அதிகமானாலும் ஆபத்துதான்.